பதினாலாம் மாடியில் இலட்சுமி போன வழி

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், அந்த ஒரே கட்டடத்தில் என்னோடு வளர்ந்தவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறோம் என்று போன கிழமை எண்ணிப் பார்த்தேன். என்னைச் சேர்த்து ஏழு. அதில் இருவருக்குக் காது கேளாது. ஒருவர் தொலைபேசியை எடுப்பதே இல்லை. என்னை விட்டால் மிச்சம் மூவர். அந்த மூவருக்காகவும், எங்கள் வயதில் வேறு கட்டடங்களில் வளர்ந்த மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பனிக்காலம் தொடங்கினால் எனக்கு முழங்கால் வலி, பிறகு இந்த நினைவு. முழங்காலுக்கு மருந்து இருக்கிறது.

எங்கள் வீடு பதினாலாம் மாடியில். லிப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினாலு. பதின்மூன்று என்று ஒரு மாடியே இல்லை. ஆகவே கீழிருந்து எண்ணினால் நாங்கள் இருந்தது பதின்மூன்றாவது மாடி. நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். அக்காவிடம் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லையோ?" என்பாள்.

அப்போது இந்த நகரத்தில் எங்கள் சனம் மிகக் குறைவு. தெருவின் மறுபக்கம் ஒரு சேலையைக் கண்டால் அம்மா பனிச்சேற்றில் கால் புதையக் கடந்து போய்ப் பேசுவார். அது வங்காளியாக இருக்கும், குஜராத்தியாக இருக்கும். அம்மாவுக்கு அது பொருட்டில்லை. அப்படித்தான், இந்தியாவில் ஒடியா மொழி பேசும் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஒடியா அன்ரி கிடைத்தார். எங்கள் மாடியிலேயே, லிப்டுக்குப் பக்கத்து வீடு. கணவர் பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி. அன்ரி ஊரில் இலக்கியம் படித்தவர். பிள்ளைகள் இல்லை. எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார், அக்கா அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லுவாள். அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு மார்கழியைப் பற்றி. அந்த மாதத்து வியாழக்கிழமைகளில் ஒடியா வீடுகளில் இலட்சுமியை அழைப்பார்கள். வீட்டைத் துடைத்து, அரிசி மாவைக் கரைத்து, வாசலிலிருந்து பூசை இடம் வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்களாகக் கோலம் போடுவார்கள். ஒரு படியில் புதுநெல் நிறைத்து அதையே தேவியாக வைப்பார்கள். அன்ரியிடம் படி இல்லை. கோப்பித் தகரம் ஒன்றின் பேப்பரை உரித்துத் துலக்கி வைத்திருந்தார். நெல் மட்டும் நிசமான நெல். ஊரிலிருந்து கைக்குட்டையில் முடிந்து கொண்டு வந்தது. கனடாவில் நான் முதன்முதல் தொட்ட நெல் அதுதான்.

பாதங்களை அவர் தன் வாசலிலிருந்து தொடங்கவில்லை. லிப்ட் கதவிலிருந்து தொடங்கினார். "அவள் எப்படி மேலே வருவாள்? லிப்டில்தானே?" என்றார். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட போர்த்துக்கேயர் முதல் வியாழன் அதைப் பெயின்ற் என்று நினைத்துத் துடைத்துவிட்டு எங்களைப் பிடித்துத் திட்டினார். அன்ரி மறுபடி போட்டார். இரண்டாம் வியாழன் அவர் வாளியோடு வந்து, நின்று பார்த்து, சுவரோரமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பூசை முடிந்ததும் கதை. பெண்களும் பிள்ளைகளும் நிலத்தில், ஆண்கள் பின்னால் கதிரைகளில். முதல் வியாழன் சொன்னது கவியின் கதை. அன்ரி அவரைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை, "எங்கள் கவி" என்பார். பல நூற்றாண்டுக்கு முந்தியவர். அரசனின் மந்திரிக்கு மகன், ஆனாலும் தன் பாட்டுகளில் தன்னைச் சூத்திரன் என்றே சொல்லிக்கொண்டவர். இராமன் கதையை, பண்டிதர்களின் மொழியில் அல்லாமல் தன் சனத்தின் மொழியில் பாடியவர். ஒரு தேர்த்திருவிழாவில் சாமியைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் தேரில் ஏறிவிட்டார். பூசாரிகள் அவரை ஏசி இறக்கிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டு கடற்கரைக்குப் போய் மணலிலே ஒரு தேர் செய்து, இங்கே வா என்று சாமியைக் கூப்பிட்டார். ஊருக்குள் ஆயிரம் பேர் வடம் பிடித்தும் பெரிய தேர் அசையவில்லை. சாமி மணல் தேருக்குப் போய்விட்டது. அரசன் வந்து மன்னிப்புக் கேட்ட பிறகுதான் தேர் நகர்ந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். கதிரையில் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பா கணக்காளர், படம் பார்த்தோ பாட்டுக் கேட்டோ கலங்கி நான் கண்டதில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "பக்தி எண்டால் அதுதான். கடவுளுக்கு முன்னால ஆர் பெரியவன், ஆர் சின்னவன்?" என்றார். இந்த வசனத்தை நான் ஐம்பத்துச் சொச்சம் வருடமாகக் காவிக்கொண்டு திரிகிறேன்.

அடுத்த கிழமை மாடியின் மூலை வீட்டுக்கு ஒரு இளம் சோடி குடிவந்தது. யாழ்ப்பாணத்து ஆட்கள். அம்மாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்று பின்னேரமே அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொடுக்கப்பட்டது. அப்பா தொடங்கினார்.

"எந்த இடம் தம்பி?"

அவர் ஊரைச் சொன்னார்.

"அதில எந்தப் பக்கம்? கோயில் பக்கமோ, சந்தைப் பக்கமோ?"

"சந்தை தாண்டி, அண்ணை."

"தாண்டி எண்டால், குளத்தடியோ?"

"ஓம், குளத்தடிதான்."

"ஐயா என்ன செய்யிறார்?"

"கடை ஒண்டு வைச்சிருக்கிறார்."

"அது இப்ப. முந்தி?"

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னார். "முந்தியும் வேலை செய்துதான் சாப்பிட்டவர், அண்ணை."

அப்பா சிரித்துக்கொண்டே, "அது நல்லது, அது நல்லது" என்றார். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்தக் கேள்விகள் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் அதே ஒழுங்கில்தான் கேட்டிருப்பார்கள். ஐந்து கேள்வி. நேரடியாக ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் ஐந்தாவதில் தெரிந்துவிடும்.

அவர்கள் போனதும் அப்பா, "உவை நாங்கள் புழங்கிற ஆக்கள் இல்லை" என்றார்.

"அப்பா, இது கனடா" என்றாள் அக்கா.

"கனடா எண்டால்? பிளேன் ஏறினவுடன ஆக்கள் மாறிப்போச்சினமோ?"

அம்மா குசினிக்குப் போனார். இரண்டு தம்ளர்களையும் வேறாகக் கழுவி, கழுவியது போதாமல் கொதிநீரில் போட்டார்.

சண்டை எதுவும் பிடிக்கவில்லை. அதுதான் எங்கள் கெட்டித்தனம். மூலை வீட்டு அன்ரி யன்னலோரத்தில் சாடியில் வளர்த்த பச்சைமிளகாய் கொண்டு வந்தால் அம்மா முகம் மலர வாங்குவார். அது சமைக்காமல் பச்சையாக வந்த பொருள். வடை சுட்டுக் கொண்டு வந்தாலும் முகம் மலரத்தான் வாங்குவார். கதவு மூடியதும் அது குப்பைக் குழாய்க்குள் போகும். அத்தனை மாடியும் விழும் சத்தம் கேட்கும் என்று நான் காது கொடுத்து நிற்பேன். வடை சத்தம் போடாது.

இரண்டாம் வியாழன் ஒடியா அன்ரி கவியின் பெரிய பாட்டைச் சொல்லத் தொடங்கினார். அந்தக் கவி இலட்சுமியைப் பற்றிப் பாடியது. மார்கழி வியாழன் விடியற்காலையில் இலட்சுமி எந்த வீடு துப்புரவு என்று பார்த்துக்கொண்டு ஊருக்குள் நடக்கிறாள். பெரிய வீடுகளில் எல்லாரும் தூக்கம், வாசலில் நேற்றைய குப்பை. ஊருக்கு வெளியே ஒரேயொரு வாசல் மெழுகிக் கோலம் போட்டிருக்கிறது. அது தெருக் கூட்டுகிற, தீண்டத்தகாத சாதிப் பெண் ஒருத்தியின் வீடு. தேவி உள்ளே போய் அமர்ந்துவிடுகிறாள்.

அக்கா அந்த இடத்தில் திக்கினாள். பின்னாலிருந்து அப்பா, "அவ்வளவு விளக்கம் வேண்டாம் பிள்ளை" என்றார். "ஒரு ஏழைப் பொம்பிளையின்ர வீடு" என்று அக்கா சொன்னாள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். மூலை வீட்டு அன்ரிக்கும் விளங்கியது. அவர் வாசலில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்தார். கிட்ட வரச் சொல்லி ஒடியா அன்ரி இரண்டு தரம் கூப்பிட்டும் அவர் அசையவில்லை.

மூன்றாம் வியாழன் எங்கள் வீட்டில். ஒடியா அன்ரிதான் அப்படி ஒழுங்கு செய்தார். "இந்தப் பூசைச் சாப்பாட்டை எங்கள் ஊரில் வீட்டு ஆட்களுக்கு வெளியே கொடுக்க மாட்டார்கள். எனக்கு இங்கே சொந்தம் இல்லை. இந்த மாடிதான் என் வீடு" என்றார். பாதங்கள் லிப்டிலிருந்து எங்கள் கதவுக்கு வந்தன. அம்மா அழுத்தித் துடைத்ததில் நிலத்தில் முகம் தெரிந்தது. அன்று கதையில், கோயிலில் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டு சாமிகளில் அண்ணன்காரச் சாமி, இலட்சுமி போன இடத்தை அறிந்து தம்பியிடம், உன் மனைவி இனி இந்த வாசல் மிதிக்கக்கூடாது என்கிறது. தம்பிச் சாமி கெஞ்சிப் பார்க்கிறது, பிறகு கதவைச் சாத்துகிறது. அவள் போகும்போது வீட்டுச் சோறும் கூடவே போகிறது. பன்னிரண்டு வருடம் இரண்டு சாமியும் பிச்சைக்கு அலைகின்றன. கடைசியில் கடற்கரையில் ஒரு வீட்டில் சோறு இருக்கிறது. கீழ்ச்சாதி வீடு என்று வாசலில் சொல்கிறார்கள். அப்படியென்றால் அரிசியையும் பானையையும் தா, நாங்களே சமைக்கிறோம் என்று சாமிகள் கேட்கின்றன. அடுப்பு மூட்டுகின்றன. அடுப்புப் பற்றவில்லை.

"மிச்சம் அடுத்த வியாழன்" என்றார் அன்ரி.

அம்மா தேநீர் கொண்டு வந்தார். எல்லாருக்கும் கண்ணாடித் தம்ளர். மூலை வீட்டு அன்ரிக்கு மட்டும் பேப்பர் கப். அக்காவின் பிறந்தநாளுக்கு வாங்கியதில் மிஞ்சியவை அலுமாரிக்கு மேலே எட்டு இருந்தன, அதில் ஒன்று. ஊரில் அதற்குத் தேங்காய்ச் சிரட்டை. இங்கே சிரட்டைக்கு எங்கே போவது?

ஒடியா அன்ரி அதைக் கவனித்தார். புதிதாக வந்தவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்துவிட்டார் போலும். அக்காவிடம் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். 

"என்னவாம்?" என்றார் அம்மா.

"தனக்கும் அந்தக் கப்பிலதான் வேணுமாம்."

அம்மா தட்டத்தோடு நின்றார். பிறகு உள்ளே போய் இன்னொரு கப்பில் கொண்டு வந்து கொடுத்தார். இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேப்பர் கப்பில் குடித்தார்கள். மூலை வீட்டு அன்ரி தன் கப்புக்குள் பார்த்துச் சிரித்தார். இருமல் மாதிரி ஒரு சிரிப்பு.

போகும்போது ஒடியா அன்ரி அறிவித்தார்: கடைசி வியாழன் மூலை வீட்டில். சமையலும் அங்கேயே. மாடியில் அதைப்போலத் துப்புரவான வீடு இல்லை, இலட்சுமி அங்கேதான் போக விரும்புவாள்.

அந்தக் கிழமை முழுக்க மூலை வீட்டிலிருந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. மூலை வீட்டு அன்ரி வெளிக்கதவையே சோப்புப் போட்டுக் கழுவியதை நான் பார்த்தேன். என்னைக் கண்டு, "தம்பி, உங்கட அப்பாவுக்கு உறைப்புக் கூடவோ குறையவோ?" என்று கேட்டார்.

"குறைய" என்றேன்.

"நல்லது. ஆள் வந்து இருந்து சாப்பிட்டால் காணும், வேறொண்டும் வேண்டாம்."

அப்பா புதன்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தார். ஆரையும் நோகடிக்காத வழி என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு பையில் அரிசி, சீனி, கசுக்கொட்டை, ஏலக்காய் கட்டி அக்காவையும் என்னையும் ஒடியா அன்ரியிடம் அனுப்பினார். சமையலையும் பூசையையும் அன்ரி தன் வீட்டிலேயே வைத்தால் நாங்கள் எல்லாரும் வருவோம் என்று சொல்லச் சொன்னார்.

அக்கா சொன்னாள். அன்ரி பையைப் பிரித்துப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கணவரைக் கூப்பிட்டு ஒடியாவில் சொல்லி இன்னும் சிரித்தார். "உன் அப்பா கதையை எவ்வளவு நன்றாகக் கேட்டிருக்கிறார்! சாமிகளும் இப்படித்தான் பச்சை அரிசி கேட்டார்கள்" என்றார். அப்பா வேடிக்கைக்கு நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அன்ரி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். அவருடைய சிரிப்பு உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்ல வடிந்தது. "அந்தக் கப்…" என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

பையை மறுபடி முடிச்சுப் போட்டு அக்காவின் கையில் தந்தார். "அந்த இடத்தில் சாமிகளுக்கு அடுப்புப் பற்றவில்லை என்று உன் அப்பாவுக்கு ஞாபகப்படுத்து."

அக்கா ஞாபகப்படுத்தவில்லை. "அன்ரிக்கு வசதிப்படாதாம்" என்று மட்டும் சொன்னாள். "அப்ப நாங்கள் போகேல்லை" என்றார் அப்பா.

வியாழன் பாதங்கள் லிப்டிலிருந்து புறப்பட்டு, ஒடியா வீட்டைத் தாண்டி, எங்கள் கதவைத் தாண்டி, மூலைக்குப் போயின. நான் வாசலில் நின்று எண்ணத் தொடங்கினேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஏலக்காயும் நெய்யும் கதவுக்குக் கீழால் வந்தன. அவற்றை எப்படிச் சாத்துவது?

ஆறு மணிக்கு அப்பா வேலையால் வந்தார். வெளியே லிப்ட் கதவு திறந்தும் காலடி ஓசை கேளாததால் நான் கதவுத் துவாரத்தால் பார்த்தேன். லிப்டடியிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு, சுவரோடு ஒட்டி ஒட்டி வந்தார். ஒரு கோட்டில் கூடக் கால் படவில்லை. உள்ளே வந்து, "பிள்ளையள், வெளியில போனால் மிதிச்சுப்போடாதேங்கோ. இலட்சுமி" என்றார்.

அன்று நாங்கள் பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.  அவர் சுவரோடு ஒட்டி வந்த அந்த நடையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முகம் சுடுகிறது. அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் பொறுத்துக்கொள்வேன்.

அடுத்த நாள் காலை எங்கள் வாசலில் மூடி போட்ட எவர்சில்வர் ஏனம் ஒன்று இருந்தது. பாற்சோறும், எங்கள் கொழுக்கட்டை போன்ற ஒன்றும். அது போகும் இடத்துக்குப் போனது. வெறும் ஏனம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற முறைப்படி அம்மா அதில் சீனி நிறைத்துக் கொடுத்துவிட்டார். முறை தவறாதவர்கள் நாங்கள்.

கதையின் மிச்சத்தை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வெயில் வந்ததும் மூலை வீட்டார் வேறு இடம் போனார்கள். அதே வருடம் ஒடியா அன்ரியும் மேற்கே போனார். நான் மிச்சத்தைப் பல வருடம் கழித்து நூலகத்தில் படித்தேன். சாமிகள் கடைசியில் வாசலில் நின்று, சமைத்த சோற்றையே தா என்று கேட்கின்றன. உண்ணும்போதே, சமைத்த கை இலட்சுமியுடையது என்று தெரிந்துவிடுகிறது. என் வாசலில் இனி ஒருவர் சோற்றை ஒருவர் தள்ளக்கூடாது என்று அவள் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புகிறாள்.

அம்மா போன பிறகு அப்பா மார்க்கம் நகரில் என்னோடு இருந்தார். என் சமையல் அவருக்குப் பிடிக்காது, எனக்கே பிடிக்காது. பக்கத்தில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடை. முதல் தடவை அப்பாவும் என்னோடு உள்ளே வந்தார், உடனே கால் வலி என்று திரும்பிக் காருக்குப் போய்விட்டார். அதன் பிறகு ஆறு வருடம், வெள்ளிக்கு வெள்ளி நான்தான் போய் வாங்குவேன், அவர் காருக்குள் இருப்பார். கார் நிறுத்துவதில் எங்களுக்கு எப்போதும் தகராறு.

"வாசலடியில இடம் கிடக்கு, அப்பா."

"வேண்டாம். அந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில விடு."

"பனிக்குள்ள நான் நடக்கவெல்லோ வேணும்."

"நட. உனக்கு வயசென்ன?"

சோற்றை வழித்துச் சாப்பிடுவார். கறியைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்ல மாட்டார். உறைப்பு எப்போதும் அவருக்கு அளவாகவே இருந்தது, எனக்குத்தான் போதவில்லை. ஒருவரிடமும் நான் சொல்லி வைத்ததில்லை.

அப்பா இறந்து முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்த பிறகு வந்த வெள்ளியில், கடையில் ஒருவருக்கு மட்டும் சாப்பாடு கேட்டேன். பணம் வாங்கும் பெண் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அம்மா உங்களோட கதைக்கோணுமாம்" என்றாள். குசினியிலிருந்து துவாயில் கை துடைத்தபடி ஒரு வயதான பெண் வந்தார்.

"அப்பா போயிட்டாரோ, தம்பி?"

"ஓம். உங்களுக்கு அப்பாவை…?"

"மூலை வீடு" என்றார்.

நான் அவர் முகத்தை மறுபடி பார்த்தேன்.

"முதல் நாள் உள்ள வந்தவர், என்னைக் கண்டவர். அதோட திரும்பிப் போயிட்டார். இனி வராயினம் எண்டுதான் நினைச்சன். அடுத்த வெள்ளியும் நீங்கள் வந்து நிக்கிறியள். அவர் காருக்குள்ள. சரி, உறைப்பைக் குறைச்சுப் போடு எண்டு மகளுக்குச் சொன்னன்."

"எனக்கொண்டும் தெரியாது, அன்ரி."

"உங்களுக்கென்னெண்டு தெரியும்? ஆள் சொல்லியிருக்காது." சிரித்தார். அதே இருமல் சிரிப்பு. "ஒருக்காவெண்டாலும் இறங்கி வந்து இருந்து சாப்பிடுவார் எண்டு பாத்தன். கனக்க வேண்டாம், ஒருக்கா. சரி, இருங்கோ. ரீ குடியுங்கோ."

தேநீர் பேப்பர் கப்பில் வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் பார்த்தார்.

"இஞ்சை எல்லாருக்கும் உதுதான், தம்பி" என்றார். "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன். மேசை சும்மாதானே கிடக்கு."

மூன்று மேசை, பன்னிரண்டு கதிரை. பன்னிரண்டும் காலி. நான் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் வாய், "இல்லை அன்ரி, பார்சலே கட்டுங்கோ" என்றது. காரில் எனக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை. ஆறு வருடப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பழக்கம் மட்டும்தானா என்று உங்களிடம் சத்தியம் செய்ய என்னால் முடியாது.

"சரி" என்றார் அவர். அவர் முகம் மாறவில்லை. அதற்கு அவருக்கு நிறையப் பயிற்சி.

விளக்குக் கம்பத்தடியில்தான் காரை விட்டிருந்தேன். சாரதிப் பக்கம் பனி குவிந்து கதவு திறக்க மறுத்தது. மறுபக்கத்தால் ஏறி, அப்பா வழக்கமாக இருக்கும் சீற்றில், மடியில் சாப்பாட்டோடு இருந்தேன். அந்த இடத்திலிருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைக் கண்ணாடிக்கூடாக, உள்ளே சாப்பாடு நீட்டும் குசினி யன்னல் நேரே தெரிந்தது. வாசலடியில் விட்டிருந்தால் தெரியாது, வேறு எங்கே விட்டாலும் தெரியாது. யன்னலில் மூலை வீட்டு அன்ரி நின்று, கறிச்சட்டியைக் கிண்டியபடி, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.